மடுவிலிருந்து ஒரு பாட்டில்

இன்னும் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. வாசல் பக்கம் இருப்பவர்கள் உள்ளே தள்ளி வாருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அதை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஆற்றைக் காப்பாற்றவென்று மாதாமாதம் கூடுகிற கூட்டம் கலைந்துவிட்டது, பொழுது சாயப்போகிறது. மிச்சமிருப்பது இரண்டே பேர். ஒருத்தி சாயப்பட்டறை நடத்துகிற அம்மாள். இன்னொருவர் ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஹவுஸ்காரர். அவள் அவரைத் தம்பி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். ஒவ்வொருவரும் தம் இடத்து ஆற்றில் பிடித்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை எல்லாம் பின்பக்கப் படியில் இறங்கி மறுபடி ஆற்றிலேயே கவிழ்ப்பது வழக்கம். இந்த மாதம் அது இவர்கள் முறை. இனி நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீங்கள் காதைத் திறந்துகொள்ளுங்கள்.

— அது ஒண்ண மட்டும் ஏன் தம்பி விட்டு வெச்சிருக்கே?

— எதக்கா?

— எதக்காவா? மேசையில ஒத்தையா நிக்குதே, அது.

— அது... கடைசியா ஊத்திக்கலாம்னு.

— கடைசியா ஊத்த வேண்டியது உன்னோடதுதானே? மலையில இருந்து வரிசையா கவுத்துட்டு வர்றோம். மேட்டுத் தோட்டம், மாட்டுப்பண்ணை, மரமில்லு, என் பட்டறை. அடுத்தது மடு, மீன் புடிக்கற மீசையோட எடம். அப்புறம்தான் உன் பம்ப் ஹவுஸ். நடுவுல ஒண்ணத் தாண்டிட்டா ஆறு எப்படி ஓடும்?

— நீங்களே எடுத்து ஊத்திருங்களேன்.

— ஏன், உன் கைக்கு என்ன? சுளுக்கா?

— ஈரமா இருக்குக்கா. வழுக்கும்.

— தண்ணியிலயே பொழப்பு நடத்துறவனுக்குக் கை ஈரமாம்! சரி, இங்க பாரேன், படியோரம் எத்தன மீனு. சின்னது பெருசு எல்லாம் வந்து தலையத் தூக்கிட்டு நிக்குது. நம்மள வேடிக்கை பாக்குதுங்க போல.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல... அந்த டீச்சரம்மா இன்னைக்கு மொத தடவ வந்தாங்கல்ல, அவங்க கேட்டதுக்கு மரமில்லுக்காரர் சொன்னதக் கவனிச்சீங்களா?

— பேச்ச மாத்தறே.

— நெசமாக்கா. "அவங்கவங்க தண்ணியப் பத்தி அவங்கவங்களே சொன்னா என்ன?"ன்னு கேட்டாங்க. அதுக்கு அவரு, "டீச்சர், பரிட்சை எழுதினவனே பேப்பரத் திருத்தினா உங்க ஸ்கூல்ல எத்தன பேரு பெயிலாவான்?"னாரு.

— அந்த மனுசன் வாய் இருக்கே! ஆனா நல்லாத்தான் சொன்னாரு. அந்த ஒரு ரூல் இல்லேன்னா நாம இன்னைக்கும் சட்டையப் புடிச்சுக்கிட்டுதான் நின்னிருப்போம். கீழ இருக்கறவன்தான் மேல இருக்கறவன் தண்ணியத் தூக்கணும், வெளிச்சத்துல பாக்கணும், அப்புறம் வாயத் தொறக்கணும். என்னோடத மீசை பேசணும், மீசையோடத நீ பேசணும்.

— மீசை உங்கள என்ன பாடு படுத்தினாரு! "என்னக்கா, இன்னைக்குப் பட்டறையில கத்திரிப்பூ கலரா? என் மீனெல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி மினுக்கிட்டுத் திரியுது"ன்னு...

— கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. அந்தக் கோவத்தோட வீட்டுக்குப் போனவதான், சாயத் தண்ணி தேங்கித் தெளியறதுக்குத் தொட்டி கட்ட ஆள் சொன்னேன்.

— மாட்டுப்பண்ணைக்காரர் கரையோரம் வேலி போட்டதும் நீங்க அவரு பாட்டில மோந்து பாத்துட்டு மூக்கப் பொத்தினதுக்கு அப்புறம்தான்.

— அது மரமில்லுக்காரர்டா! அவருக்குக் கீழதானே மரமில்லு. நான் மரத்தூளுக்குத்தான் மூஞ்சியச் சுளிச்சேன். எப்படியோ... மேட்டுத் தோட்டத்துல குழி வெட்டி மழைத் தண்ணிய நிறுத்தினாங்க, மண்ணு கரைஞ்சு வர்றது நின்னுச்சு, கரையில மரம் வந்துச்சு. ஒருத்தருக்கொருத்தர் வெக்கப்பட்டே இந்த ஆத்தக் கழுவி எடுத்துட்டோம். சரி, இப்ப நான் கேக்கறதுக்கு வா.

— என்னக்கா?

— இன்னைக்கு மடு பாட்டில நீ தூக்கல.

— தூக்கினேனே.

— தொட்டே. தொட்டதும் விரல இழுத்துக்கிட்டே. "தெளிவு, வாடை இல்ல"ன்னு ஒப்பிச்சே. எல்லாரும் கை தட்டினாங்க. நான் உன் விரலத்தான் பாத்துட்டு இருந்தேன்.

— வருஷம் பூரா அதத்தானேக்கா சொல்றேன்.

— அதான் கேக்குறேன். பாத்துச் சொன்னியா, பழக்கத்துல சொன்னியா?

— ஜில்லுன்னு இருந்துச்சுக்கா. இந்த வெக்கையில மத்த பாட்டிலெல்லாம் வெதுவெதுன்னு ஆயிருச்சு. அது மட்டும் இப்பதான் முக்கி எடுத்த மாதிரி...

— ஜில்லுன்னு இருந்தா ரெண்டு கையாலயும் தூக்கறது. நாளைக்குக் காலையில எல்லாரும் வந்து நிக்க, நீ வால்வத் தொறக்கப் போறே. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் ஊர்க் குழாயில ஆத்துத் தண்ணி. இனி லாரி வருதான்னு யாரும் தெருமுனையப் பாத்துட்டு நிக்க வேண்டாம். அதனாலதான் கேக்குறேன். உனக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிரு.

— லாரித் தண்ணிய என் மக மாடிப்படியில தூக்கிட்டு ஏறுறாக்கா. பச்ச உடம்பு. பாப்பாவுக்கு இன்னும் பேர்கூட வெக்கல. அந்த உப்புத் தண்ணியில குளிப்பாட்டினா தோலெல்லாம் செவந்து போயி ராத்திரி பூரா அழுகை...

— தெரியும்பா. எனக்கு மட்டும் ஆசை இல்லியா? ஆனா நாம பேசிக்கிட்டது என்ன? வருஷம் பூரா ஒவ்வொரு பாட்டிலும் தெளிவா இருந்தாத்தான் வால்வு. ஒண்ணு கலங்கினாலும் கெடையாது. ஒண்ணு மேசைக்கு வராம போனாலும் கெடையாது.

— அந்த ரூலப் போட்டதும் மீசைதான்.

— ஆமா. போட்டுட்டு அவன் போயிட்டான்.

— கடைசியா வந்தப்ப அவரு சொன்னது ஞாபகம் இருக்காக்கா?

— எதுக்கு இப்ப அது?

— "ரெண்டு நாளா மடுவுல ஒரு மாதிரி மினுக்கம் தெரியுது. மீன் பூரா ஓரத்துக்கு வந்து தலையத் தூக்கிட்டு நிக்குது. அடியில என்னதான் இருக்குன்னு முங்கிப் பாத்துட்டு, அந்தத் தண்ணியவே பாட்டில்ல புடிச்சுட்டு வர்றேன்..."

— நீ அந்தக் கதவச் சாத்து. படியோரம் மீனப் பாக்க எனக்குப் புடிக்கல.

— சாத்திட்டேன்.

— ம்... படகு மட்டும்தான் வந்துச்சு, இல்ல?

— என் பம்ப் ஹவுஸ் கம்பி வலையில வந்து மெதுவா முட்டிக்கிட்டு நின்னுச்சு. கதவத் தட்டற மாதிரி. உள்ள அவரு சட்டை, மடிச்ச மடிப்புக் கலையாம. ஆளும் கெடைக்கல, கையில கொண்டு போன பாட்டிலும் கெடைக்கல.

— போதும் விடு.

— அதுக்கப்புறம் யாரும் மடுப் பக்கம் போறதில்ல. ஆனா அடுத்த கூட்டத்துல அவரு எடத்துல பாட்டில் இருந்துச்சேக்கா. மாட்டுப்பண்ணைக்காரர் பாத்துட்டுத் தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல.

— கேட்டா என்ன ஆகியிருக்கும்? "ஒரு பாட்டில் கொறையுது, இனிமே நான் எதுக்கு வேலி போடணும், நான் எதுக்குத் தொட்டி கட்டணும்"னு ஆளுக்கொரு பக்கம் எந்திரிச்சுப் போயிருப்போம். கேக்காம இருந்ததாலதான் கூட்டு நின்னுச்சு.

— இப்ப கேக்கலாமா? நாம ரெண்டு பேருதானே இருக்கோம்.

— கேளு.

— யாரு வெக்கிறாங்க?

— நீ யாருன்னு நெனக்கிறே?

— சொன்னா திட்டுவீங்க.

— திட்டறதுக்குத்தானே அக்கான்னு ஒருத்தி. சொல்லு.

— நீங்கதான்.

— நீ சிரிச்சேன்னா பாரு.

— அய்யய்யோ, நீங்கதானா!

— எல்லாத் தடவையும் இல்லடா. மொத தடவ நான்தான். அவன் எடம் வெறிச்சுன்னு கெடக்கறத என்னால பாக்க முடியல. அடுத்த மாசமும் கைப்பையில பாட்டிலோட வர்றேன்... பாத்தா, அங்க ஏற்கெனவே ஒண்ணு நிக்குது! என்னோடத வெளியவே எடுக்கல. வீட்டுக்குப் போயி விளக்க அணைக்காமத்தான் படுத்தேன்.

— அது நான்கா.

— எது?

— அந்த மாசம் வெச்சது நான்.

— அடப்பாவி! உன்னால அன்னைக்கு நான் வீட்டுக்காரரோட ஒரே போர்வையில... இந்த வயசுல!

— நான் மட்டும் என்னவாம்? நான் கொண்டு வர்ற மாசம் உங்களோடது முந்திக்கிச்சுன்னா, என் பாட்டில சாப்பாட்டுப் பையில திணிச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒரு தடவ மூடி கழண்டு கீழ பூரா தண்ணி. மரமில்லுக்காரர் குனிஞ்சு பாத்துட்டு, "என்னப்பா, உன் சாப்பாட்டுக்குப் பேதியா?"ன்னாரு.

— ஆமா ஆமா! நீ ரசம்னு சொன்னே!

— வேற என்னத்தச் சொல்ல?

— அய்யோ... சிரிச்சு வயிறு வலிக்குது. ஏன்டா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் மொறை வெச்சுக்கிட்டிருக்கலாமே.

— எவ்வளவு லேசா இருக்கு தெரியுமாக்கா? இத்தன நாளா இந்தப் படி ஏறுறப்பல்லாம் யாராவது கேட்டுருவாங்களோன்னே இருக்கும்.

— எனக்கும்தான். சரி, எடு அத. ஊத்திட்டுக் கெளம்புவோம்.

— ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவ்வளவு பயந்துக்கிட்டு எப்படிக்கா மடுவுல எறங்கினீங்க?

— எந்த மடுவுல?

— தண்ணி எடுக்க.

— நான் எங்கப்பா எறங்கினேன்? எங்க பட்டறைக் கெணத்துல மொண்டேன்.

— கெணத்துலயா?

— மடுப் பக்கம் தலைய வெச்சுப் படுக்கவே எனக்குத் தைரியம் இல்ல. நான் வெக்காத மாசம் யாரோ நெசத் தண்ணிய எடுத்துட்டு வர்றாங்க, நடுவுல நான் ஒப்புக்கு ஒண்ணு வெச்சா ஒண்ணும் கொறைஞ்சிராதுன்னு... நீதானே அது? ஆத்தோரமே வேல பாக்கறவன். நீ மடுவுலதானே எடுத்தே?

— அது வந்துக்கா...

— எங்க எடுத்தே தம்பி?

— பம்ப் ஹவுஸ் மேல மழைத்தண்ணித் தொட்டி இருக்குல்ல...

— அய்யோ.

— நீங்க வெக்கற மாசம் நெசத் தண்ணிதானே வருதுன்னு நான் இருந்தேன்கா. உங்கள நம்பித்தான்...

— உன்ன நம்பித்தான்டா நானும்!

— அப்ப மடுத் தண்ணிய...

— யாரும் பாக்கல. அவன் முங்கினதுக்கப்புறம் ஒரு கண்ணு அதப் பாக்கல. இரு, இரு. உன் பம்ப் ஹவுஸ் தண்ணி தெளிவாத்தானே வருது? அது மடுவுக்குக் கீழதானே?

— நான் எடுக்கறது படியோரத்துல, மேலாக்க ஓடுற தண்ணி. ஊர்க் குழாய் உறிஞ்சறது மடுவோட அடியில இருந்து. நல்ல ஆழம் வேணும்னு அங்கதான் குழாய எறக்கியிருக்கு.

— சரி. பதறாதே. இன்னும் எதுவும் கெட்டுப் போயிரல. நாளைக்குக் காலையில எல்லாரும் கூடினதும் நான் சொல்றேன். திட்டுவாங்க, வாங்கிக்குவோம். எல்லாருமா படகுல போயி மடுவுல ஒரு பாட்டில் எடுப்போம். கூட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வால்வு இன்னும் ஒரு மாசம் பொறுக்கட்டும்.

— ம்...

— உன் மொகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? மகளுக்கு நானே கெணத்துத் தண்ணி அனுப்பறேன்டா. வா. இந்த மழைத் தண்ணியக் கொட்டிட்டுப் போவோம்.

— எந்த மழைத் தண்ணி?

— இதோ, இன்னைக்கு நீ வெச்சது.

— இன்னைக்கு வெச்சது நீங்கதானேக்கா?

— விளையாடற நேரமா இது? என்னோடது பையிலயே இருக்கு, பாரு. நான் வந்தப்பவே மேசையில ஒண்ணு நின்னுச்சு.

— என்னோடதும் பையிலதான் இருக்கு. இதோ பாருங்க. மூடிகூடத் தொறக்கல.

— ரூம் சாவி நம்ம ரெண்டு பேருகிட்டதானே? நான் இன்னைக்குத் தொறக்கல. கதவத் தொறந்தது யாரு?

— நான்தான். மத்தியானம் நாற்காலி போட வந்தேன். பூட்டு போட்டது போட்டபடி இருந்துச்சு. தொறந்தா... மேசையில அது மட்டும். முன்னயும் பின்னயும் மத்தவங்களுக்கு எடம் விட்டு, சரியா அதோட எடத்துல. கீழ தண்ணி வட்டமா நின்னுச்சு. தொடச்சேன். திரும்பிப் பாத்தா மறுபடி வட்டம்.

— இத ஏன்டா அப்பவே சொல்லல?

— உங்ககிட்டயும் ஒரு சாவி இருக்குது, காலையிலயே வந்து வெச்சுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.

— தள்ளு. நான் தூக்கறேன்... அப்பப்பா. ஜில்லிப்பு கை எலும்பு வரைக்கும் ஏறுது.

— வெச்சுருங்கக்கா.

— கழுத்துல என்னமோ சுத்தியிருக்கு. நூலு.

— நம்ம பாட்டில்ல நூல் கெடையாதே.

— வலை பின்ற நூலு. இந்த முடிச்ச நான் எத்தன தடவ பாத்திருக்கேன்! எதிர்ல உக்காந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே போடுவானே... தம்பி, இது அவன் கொண்டு போன பாட்டில்.

— மேசையில வெச்சுருங்கன்னு சொல்றேன்ல!

— கத்தாதே. ஜன்னல்கிட்ட வா. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. நான் சாயக்காரி. தண்ணிக்குள்ள எத ஒளிச்சாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

— என்ன தெரியுது?

— இரு...

— தெளிவாதானே இருக்கு? சொல்லுங்கக்கா, தெளிவாதானே இருக்கு?

— நேரா பாத்தா தெளிவு. இப்படிச் சாச்சுப் பாரு. தெரியுதா?

— நூலு மாதிரி... பச்சையா, நீலமா...

— மயில் கழுத்துல ஓடுமே, அது மாதிரி. இப்படி ஒரு கலரு என் பட்டறையில கெடையாது. எந்தப் பட்டறையிலயும் கெடையாது.

— அசையுதுக்கா அது.

— நான் ஆட்டல.

— உங்க கை நடுங்குது, அதான்...

— என் கை நடுங்கற பக்கம் அது போகல, பாரு. எதிர்ப் பக்கமா ஏறுது.

— ஏன்கா இன்னைக்கு? இத்தன மாசம் இல்லாம?

— மத்த மாசமெல்லாம் அவன் எடத்துல நாம முந்திக்கிட்டோம். தெளிவா ஒண்ணக் கொண்டு வந்து வெச்சு வெச்சு அவன் வாய அடைச்சுட்டோம். இன்னைக்கு அவன் முந்திக்கிட்டான். அடியில இருக்கறதப் புடிச்சுட்டு வர்றேன்னு சொன்னான்ல? சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான்டா.

— அப்ப, இது...

— தடுக்க வந்திருக்கான். தொறக்காதீங்கன்னு சொல்ல வந்திருக்கான், வேற என்ன? ஏன்டா இப்படி நிக்கிறே? நல்லவேளைன்னு நெனச்சுக்கோ. நாளைக்குக் காலையில தொறந்துட்டு இதப் பாத்திருந்தா? என் வீட்டுப் புள்ளைங்க, உன் பேத்தி... சரி, அந்த வால்வு சாவிய எடு. என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் கூட்டத்துல நானே மேசையில வெக்கறேன்.

— அக்கா...

— குடுப்பா. உன்ன நம்பாம இல்ல. பாப்பா அழுதான்னா உன் மனசு கேக்காது, அதுக்குத்தான்.

— மத்தியானம் அந்த பாட்டிலப் பாத்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அக்கா மடுவுக்கே போயி எடுத்துட்டு வந்துட்டாங்க, கடைசி பாட்டிலும் மேசைக்கு வந்துருச்சு, இனி என்ன இருக்குன்னு...

— தம்பி, சாவி எங்கன்னு கேக்கறேன்.

— வால்வுலயே இருக்குக்கா. நாளைக்கு எல்லாரும் வந்து நிக்கறப்ப குழாய் வெறுங்காத்து ஊதக் கூடாதேன்னு, மத்தியானமே நேரா போயித் தொறந்து விட்டுட்டேன்... கூட்டத்துக்கு நடுவுல மக போன் பண்ணினா. "அப்பா, தண்ணி வந்துருச்சு, பாப்பாவுக்கு அதுலதான் பால் கரைச்சேன். ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சுட்டு அப்ப தூங்கினவ, இன்னும் தூங்கறாப்பா, பொறந்ததுல இருந்து இவ்வளவு நேரம் இவ தூங்கினதே இல்ல"ன்னா.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. பார்த்துப் போய் வாருங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது வெறும் தண்ணீராகவே வரட்டும். உங்களுக்கு மேலே இருக்கிறவர் அனுப்புவதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற கண் உங்கள் வீட்டில் ஒருத்தருக்காவது இருக்கட்டும். தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் பசித்து, வீறிட்டு அழுது, உங்கள் தூக்கத்தைக் கெடுத்து எழுந்திருக்கட்டும்.